நீலக் கோடு முடிகிற இடத்தில்தான் வழிகாட்டி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் மிதிவண்டிச் சுற்றுலா செல்வதைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்ற மூன்று நகரங்களோடு ஜப்பானை முடித்துக்கொள்ளும் பயணக் கட்டுரைகளையே படித்துப் பழகிய வாசகர்களுக்கு, செட்டோ உள்நாட்டுக் கடலின் தீவுகளை அறிமுகப்படுத்தியதற்காகக் கட்டுரையாளருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆயினும் அதில் கூறப்பட்ட இரண்டு கருத்துகளை மறுக்க வேண்டியிருக்கிறது. இத்தகைய பயணம் உடல்வலிமை மிக்க இளைஞர்களுக்கே ஏற்றது என்பது ஒன்று. சாலை நெடுகிலும் வழிகாட்டும் நீலக் கோடு போட்டிருக்கும்போது பணம் கொடுத்து வழிகாட்டியோடு போவது வீண்செலவு என்பது மற்றொன்று. நான் நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். நானும் என் மனைவியும் அறுபது வயதைக் கடந்த பிறகுதான், ஒரு வழிகாட்டியோடும் வேறு சில பயணிகளோடும் அத்தீவுகளிலும், அவற்றுக்குத் தெற்கே ஷிகோகு என்ற பெருந்தீவின் கிராமப்புறங்களிலும் மிதிவண்டியில் சென்று வந்தோம். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் வலிமை பற்றிய கருத்தை எடுத்துக்கொள்கிறேன். கட்டுரையில் குறிப்பிடப்பட்ட ஷிமானாமி கைடோ, ஹிரோஷிமா மாகாணத்தின் ஒனோமிச்சி நகரையும் ஷிகோகுவில் உள்ள எஹிமே மாகாணத்தின் இமாபாரி நகரையும் ஆறு தீவுகள் வழியாக இணைக்கும் பாலச்சாலை. முழுப் பாதையும் திறக்கப்பட்டது 1999 மே 1 அன்று. மிதிவண்டியில் செல்வோருக்குத் தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இதை ஒரே நாளில் ஓட்டி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இடையில் ஒரு தீவிலோ இரண்டு தீவுகளிலோ தங்கிச் செல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. பாலங்கள் கடலுக்கு மேலே மிக உயரத்தில் இருப்பதால் ஒவ்வொரு தீவிலும் கடற்கரைச் சாலையிலிருந்து பாலத்துக்கு ஏற வேண்டும் என்பது உண்மைதான். அந்த ஏற்றத்தைத்தான் கட்டுரையாளர் பெரிதுபடுத்தியிருக்கிறார். மிதிவண்டிகளுக்கென்றே தனியாக அமைத்த அந்த ஏறுபாதைகள், 100 மீட்டருக்குச் சுமார் 3 மீட்டர் மட்டுமே உயரும்படி குன்றைச் சுற்றிச் சுற்றி வளைத்துக் கட்டப்பட்டவை. சாலைச் சரிவுகளை அளந்தே காலம் கழித்த எனக்கு, அந்த வளைவுகளில் ஏறும்போதெல்லாம் அவற்றை வரைந்தவர்கள் மீது மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. வேகமாக ஓட்டுபவரை மட்டும் மனத்தில் வைத்திருந்தால் இவ்வளவு நீளமான பாதை தேவைப்பட்டிருக்காது. பள்ளிப் பிள்ளையும் முதியவரும் இறங்காமல் ஏற வேண்டும் என்று நினைத்ததால்தான் இவ்வளவு இடமும் செலவும் ஆகியிருக்கின்றன. அதற்கு மேலும் உதவி வேண்டுவோருக்கு மின்விசை துணைபுரியும் மிதிவண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. என் மனைவி அதைத்தான் எடுத்துக்கொண்டார். பல ஏற்றங்களில் எனக்கு முன்னே போய்க் காத்திருந்தவரும் அவரே.

பாலங்களைப் பற்றிக் கட்டுரையில் இரண்டே வரிகள் இருந்தன. அவற்றைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ஒனோமிச்சியிலிருந்து முதல் தீவான முகாய்ஷிமாவுக்குப் பாலம் உண்டெனினும், அது குறுகலானது என்பதால் மிதிவண்டிக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் கரைசேரும் சிறு படகில் ஏறிவிடுகிறார்கள். அடுத்து வரும் இன்னோஷிமா பாலம் 1983இல் கட்டிய தொங்குபாலம். இதில் கார்கள் மேல்தளத்தில் ஓட, மிதிவண்டிகளும் நடப்பவர்களும் அதன் அடியில் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே அமைந்த தளத்தில் செல்கிறார்கள். தலைக்கு மேல் லாரிகள் கடக்கும் ஓசை, இருபுறமும் கம்பி வலை, வலைக்கு அப்பால் கடல். பாலத்தின் எலும்புக்கூட்டுக்குள் நுழைந்து, ஒவ்வொரு இணைப்பையும் கையெட்டும் தூரத்தில் பார்த்துக்கொண்டே கடக்கும் வாய்ப்பு பொறியாளர்களுக்கே எளிதில் கிடைப்பதில்லை.

இக்குச்சிஜிமா, ஓமிஷிமா என்ற தீவுகளை இணைக்கும் தத்தாரா பாலம் 1999இல் திறக்கப்பட்டபோது, 890 மீட்டர் நடுக்கண்ணுடன் (இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட நீளம்), கோபுரத்திலிருந்து சாய்வாக இறங்கும் வடங்கள் தாங்கும் பாலங்களுள் உலகிலேயே மிக நீண்ட கண் கொண்டதாக இருந்தது. முதலில் அதைத் தொங்குபாலமாகக் கட்டத்தான் திட்டமிட்டிருந்தார்கள். அப்படிக் கட்டினால் வடங்களை இறுக்கிப் பிடிக்கும் பெரும் அடித்தளத்துக்காகத் தீவின் மலைச்சரிவை வெட்ட வேண்டியிருக்கும் என்பதால் வடிவமைப்பையே மாற்றினார்கள். இதை எங்களுக்குச் சொன்னவர் வழிகாட்டி. சொன்னதோடு நில்லாமல், கோபுரத்தின் அடியில் எங்களை நிறுத்தி, அங்கே வைத்திருந்த இரண்டு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினார். கோபுரத்தின் இரு கால்களுக்கிடையே அந்த ஓசை பட்டுப் பட்டு அதிர்ந்தபடியே மேலே ஏறிச் சென்று, வானத்தில் கரைந்தது. இதைத் தெரியாமல் கோபுரத்தைக் கடந்துபோகும் பயணிகள் எத்தனையோ பேர்.

கடைசியில் வரும் குருஷிமா நீரிணைப் பாலம், மூன்று தொங்குபாலங்கள் அடுத்தடுத்துத் தொடர்வதாக, நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு நீள்கிறது. கீழே ஓடும் நீரோட்டம் ஜப்பானிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. அங்கே கப்பல்களுக்குத் தனி விதி இருக்கிறது: நீரோட்டத்தின் திசையிலேயே வரும் கப்பல் நடுக்கால்வாய் வழியாகவும், எதிர்த்து வரும் கப்பல் மேற்குக் கால்வாய் வழியாகவும் செல்ல வேண்டும், நீரோட்டம் திரும்பும்போது கப்பல்களின் வழியும் மாறிவிடும். பாலத்தின் நடுவில் மிதிவண்டியை ஓரமாக நிறுத்தி, சுழன்று ஓடும் அந்த நீரைப் பார்த்தால், இத்தீவுகளின் கடல்வழிகளை ஒருகாலத்தில் தங்கள் பிடியில் வைத்திருந்த முராகாமி குலத்தாரின் பலம் எதில் இருந்தது என்பது சட்டென்று விளங்கும். அவ்வழியே செல்லும் கப்பல்கள் அவர்களுக்குச் சுங்கம் கொடுத்துத்தான் இந்நீரைக் கடக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய அருங்காட்சியகம் ஓஷிமா தீவில் இருக்கிறது.

இந்தப் பாதையை மட்டும் ஓட்டிவிட்டு வர நினைப்பவருக்கு வழிகாட்டி தேவையில்லை என்று கட்டுரையாளர் சொல்வது சரியே. நீலக் கோட்டைப் பின்பற்றினால் போதும். இமாபாரிக்கு இன்னும் எவ்வளவு, ஒனோமிச்சிக்கு எவ்வளவு என்று வழியெங்கும் எழுதியிருக்கிறது. மிதிவண்டிகளுக்கான பாலக் கட்டணமும் 2014 முதல் சலுகையாகத் தள்ளுபடி செய்யப்பட்டு வந்திருக்கிறது. ஒரு தீவில் எடுத்த வாடகை மிதிவண்டியை வேறொரு தீவில் விட்டுவிடலாம். பெட்டிகளை அடுத்த விடுதிக்கு அனுப்பிவைக்கும் கூரியர் வசதியும் நாடு முழுவதும் சிறப்பாக இயங்குகிறது. 2019இல் ஜப்பான் அரசு தேசிய மிதிவண்டிப் பாதைகளாக முதன்முதலில் அறிவித்த மூன்றில் ஒன்று இது. பீவா ஏரியைச் சுற்றும் பாதையும், சுகுபா மலையையும் கசுமிகௌரா ஏரியையும் இணைக்கும் பாதையும் மற்ற இரண்டு. இங்கே வழி தவறுவதுதான் கடினம்.

ஆனால் கட்டுரையின் தலைப்பு தீவுகளையும் கிராமப்புறங்களையும் பற்றியது. நீலக் கோடு காட்டுவது அதில் ஒரு சிறு பகுதியைத்தான். ஷிமானாமிக்கு மேற்கே, குரே நகரின் பக்கத்திலிருந்து தொடங்கும் தோபிஷிமா கைடோ என்று மற்றொரு தீவுத்தொடர் இருக்கிறது. அங்கேயும் பாலங்கள் உண்டு, ஆனால் கூட்டம் மிகக் குறைவு. அத்தொடரில் உள்ள ஓசாகி ஷிமோஜிமா தீவின் மிதராய் என்ற பழந்துறை, பாய்மரக் கப்பல்கள் காற்றுக்காகவும் நீரோட்டம் திரும்புவதற்காகவும் காத்திருந்த ஊர். காத்திருந்த மாலுமிகளாலும் வணிகர்களாலும் எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) செழித்து, நீராவிக் கப்பல் வந்ததும் அமைதியாகிவிட்டது. மரவீடுகள் நிறைந்த அதன் சந்துகளில் மிதிவண்டியை உருட்டிக்கொண்டுதான் போக முடியும். உருட்டிக்கொண்டுதான் போகவும் வேண்டும். தொடரின் கடைசித் தீவான ஒகாமுராவில் பாலங்கள் முடிந்துவிடுகின்றன. அங்கிருந்து படகில் ஷிமானாமியின் தீவுகளுக்குக் கடந்து செல்லலாம் என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். நாளொன்றுக்குச் சில முறையே வரும் அந்தப் படகின் நேரத்துக்கு ஏற்ப முந்தைய இரவு எந்த ஊரில் தங்க வேண்டும், வழியில் எங்கே சாப்பாடு கிடைக்கும், காற்று பலத்துப் படகு நின்றுவிட்டால் என்ன செய்வது என்பவை வரைபடத்தில் இருப்பதில்லை. அவற்றை அறிந்த ஒருவர் உடனிருந்ததால்தான் இரண்டு தீவுத்தொடர்களும் எங்களுக்கு ஒரே பயணமாக அமைந்தன.

உணவைப் பற்றிக் கட்டுரை எதுவும் சொல்லவில்லை. தமிழ் வாசகர்களுள் சைவ உணவு உண்போர் கணிசமாக இருப்பதால் இதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு பெரும்பாலும் உலர்த்திய மீனிலிருந்து எடுக்கப்படுவது. காய்கறி மட்டுமே தெரியும் குழம்பிலும், சோயா ரசத்திலும், நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் நீரிலும் அது இருக்கும். “இறைச்சி வேண்டாம்” என்று கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினால், விடுதிக்காரர் மிகுந்த அன்போடு மீன்சாறு சேர்த்த காய்கறிகளையே கொண்டுவந்து வைப்பார். அவர் மீது குற்றமில்லை. அவருடைய கணக்கில் அது இறைச்சி அல்ல. பெருநகரங்களில் சைவ உணவகம் தேடிக்கொள்ளலாம். மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு கடைகூடத் திறந்திருக்காத தீவில், குடும்பமாக நடத்தும் சிறு விடுதியில், அவர்கள் சமைப்பதுதான் உணவு. என் மனைவி மீனும் உண்ணாதவர். எங்கள் வழிகாட்டி ஒவ்வொரு விடுதிக்கும் பல நாட்களுக்கு முன்பே தொலைபேசியில் பேசி, கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும் சாறு எடுக்கச் சொல்லியிருந்தார். ஒரு விடுதியில் மூதாட்டி ஒருவர் சமையற்கட்டிலிருந்து அந்தக் காய்ந்த கடற்பாசித் துண்டையே கையில் எடுத்துவந்து, இதைத்தான் போட்டேன், வேறெதுவும் இல்லை என்று என் மனைவியிடம் காட்டிவிட்டுத்தான் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இந்த நம்பிக்கை இல்லாமல் என் மனைவியால் நாள் முழுவதும் மிதித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க முடியாது. வழிகாட்டிக்குக் கொடுத்த தொகையில் பெரும்பகுதியை நான் இந்தத் தொலைபேசி அழைப்புகளுக்கான ஊதியமாகவே கருதுகிறேன்.

தீவுகளின் இன்றைய நிலையையும் வழிகாட்டியின்றி அறிந்திருக்க மாட்டோம். கடலை நோக்கிய சரிவுகளிலெல்லாம் படிப்படியாகக் கல் அடுக்கி, ஆரஞ்சு வகைகளும் எலுமிச்சையும் பயிரிட்டிருக்கிறார்கள். இக்குச்சிஜிமா எலுமிச்சைக்கும், இன்னோஷிமா ஹஸ்ஸாகு என்ற கசப்பும் இனிப்பும் கலந்த பழத்துக்கும் பெயர்பெற்றவை. நிற்கவே சிரமமான சரிவுகளில், பழக்கூடைகளை இறக்குவதற்கென்று ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரத்தின் பிடியில் ஊர்ந்து வரும் சிறு இயந்திர வண்டிகளை வைத்திருக்கிறார்கள். அதை இயக்கிக்கொண்டிருந்த விவசாயியிடம் வழிகாட்டி எங்களை அழைத்துச் சென்று பேசவைத்தார். தன் பிள்ளைகள் நகரத்தில் இருப்பதாகவும், தனக்குப் பிறகு இந்தச் சரிவைப் பார்க்க ஆளில்லை என்றும், தீவுக்குத் தீவு நீந்தி வரும் காட்டுப்பன்றிகள் தோட்டங்களை நாசம் செய்வதாகவும் அவர் சொன்னார். பாதையோரத்தில் நாங்கள் கண்ட, புதர் மூடிய படிக்கட்டு வயல்களுக்கும் பூட்டிக் கிடந்த வீடுகளுக்கும் அதன்பிறகே பொருள் புரிந்தது. 2023இல் எடுத்த கணக்கெடுப்பின்படி ஜப்பான் முழுவதும் ஆளில்லா வீடுகள் சுமார் 90 லட்சம். வழியெங்கும் ஆளில்லாத சிறு மரப்பெட்டிக் கடைகளில் பழப்பைகள் தொங்குகின்றன. எழுதியிருக்கும் விலையைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். காரில் போகிறவர் அதற்காக நிறுத்துவதில்லை. மிதிவண்டிக்காரர் நிறுத்துகிறார்.

தீவுகளைத் தாண்டி ஷிகோகுவின் உட்பகுதிக்குச் சென்றால் வழிகாட்டியின் தேவை இன்னும் கூடுகிறது. அங்கே மலைச்சாலைகளில் சுரங்கப்பாதைகள் அடிக்கடி குறுக்கிடும். பழைய சுரங்கங்களில் ஓரத்தில் இடமே இருக்காது. பின்னால் லாரி வரும். எந்தச் சுரங்கத்துக்கு மாற்றாகப் பழைய மலைப்பாதை இருக்கிறது, எதைக் கடக்க எல்லோரும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரே வரிசையில் செல்ல வேண்டும், எதை வேனில் ஏறித்தான் கடக்க வேண்டும் என்பதை உள்ளூரில் ஓட்டிப் பழகியவரே சொல்ல முடியும். இமாபாரியைச் சுற்றியும் மட்சுயமா நகரிலும் ஷிகோகுவின் 88 கோயில் யாத்திரை செல்லும் வெள்ளுடைப் பக்தர்களைக் கண்டோம். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நம்மூரில் பாதயாத்திரை பக்தர்களுக்கு மோர்ப்பந்தல் வைப்பது போல, வழியில் உள்ள மக்கள் அவர்களுக்குப் பழமும் தேநீரும் கொடுத்து உபசரிக்கிறார்கள். மட்சுயமாவில் 1894இல் கட்டிய டோகோ வெந்நீர் ஊற்று மாளிகை, நெடுங்காலப் பராமரிப்புப் பணிகள் முடிந்து 2024 ஜூலையில் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டிருக்கிறது. நாளெல்லாம் மிதித்த கால்களுக்கு அதைவிட மேலான மருந்தில்லை. மெழுகு வணிகத்தால் செழித்த உச்சிகோ என்ற சிற்றூரும், அதன் சுண்ணச் சுவர் வீடுகளும், 1916இல் கட்டிய நாடக அரங்கமும் பேருந்துச் சுற்றுலாக்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன.

என்னை மிகவும் கவர்ந்தவை கொச்சி மாகாணத்தில் ஷிமான்டோ ஆற்றின் மீதுள்ள தரைப்பாலங்கள். அவற்றில் கைப்பிடிச் சுவரே கிடையாது. வெள்ளத்தில் பாலம் முழுவதும் மூழ்கும், அப்போது அடித்துவரும் மரங்கள் கைப்பிடியில் சிக்கினால் பாலமே பெயர்ந்துவிடும் என்பதால் வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஆற்றை எதிர்க்காமல் அதற்கு வழிவிட்டு நிற்கும் அந்த எளிய கட்டுமானத்தை, குருஷிமாவின் பெரும்பாலத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் கைப்பிடியில்லாத பாலத்தில் எதிரே கார் வந்தால் என்ன செய்வது? ஒருவர் கடக்கும்வரை மற்றவர் கரையில் காத்திருப்பதே அங்குள்ள வழக்கம். வழிகாட்டி முன்னால் சென்று அக்கரையில் நின்றுகொண்டு, கைகாட்டிய பிறகே எங்களை ஒவ்வொருவராக வரவிட்டார்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் மிதிவண்டியும் ஒரு வாகனமே. நம்மைப் போலவே இடப்புறம் செல்ல வேண்டும் என்பது நமக்கு வசதி. 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் தலைக்கவசம் அணிய முயல வேண்டும் என்று சட்டம் கேட்டுக்கொள்கிறது. 2024 நவம்பர் முதல், கைபேசியைக் கையில் வைத்துப் பார்த்தபடி ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறையோ ஒரு லட்சம் யென் வரை அபராதமோ விதிக்கலாம். குடித்துவிட்டு ஓட்டினால் தண்டனை இன்னும் கடுமை. ஓட்டிக்கொண்டே வரைபடம் பார்ப்பதும் படம் பிடிப்பதும் நம் பயணிகளிடையே சாதாரணமாகிவிட்ட பழக்கம் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

செலவு அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. வழிகாட்டி, உடன்வரும் வேன், விடுதி, இரண்டு வேளை உணவு எல்லாம் சேர்த்தால், தனியாகச் செல்பவருக்கு ஆவதைவிடப் பல மடங்கு ஆகும். இயலாதவர்கள் ஷிமானாமியைத் தனியாக ஓட்டிவிட்டு வரலாம். அதுவே நிறைவான பயணம். ஆனால் இயன்றவர்கள், அத்தொகையில் ஒரு பகுதி மிதராயின் தேநீர்க்கடைக்கும், தீவின் விடுதி நடத்தும் மூதாட்டிக்கும், படகுக்காரருக்கும் போய்ச் சேர்கிறது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். 2024இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 3 கோடியே 69 லட்சம் பேர். கியோட்டோவின் தெருக்கள் அவர்களைத் தாங்க முடியாமல் திணறும் அதே நாட்டில், மாலையில் ஒரு விருந்தாளியாவது வருவாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும் விடுதிகளும் உள்ளன.

புறப்பட எண்ணும் வாசகர்களுக்காகச் சில நடைமுறைச் செய்திகளோடு முடிக்கிறேன். ஜூன், ஜூலையில் மழைக்காலம்; அதன்பின் கடும் புழுக்கம்; ஆகஸ்ட், செப்டம்பரில் சூறாவளி. ஏப்ரல், மே மாதங்களோ, அக்டோபர் இறுதியும் நவம்பரும்தான் உகந்தவை. நவம்பரில் போனால் ஆரஞ்சுகள் மரத்திலேயே பழுத்திருப்பதைப் பார்க்கலாம். வெளிநாட்டவருக்கு ஊதியம் பெற்று வழிகாட்ட அரசு உரிமம் கட்டாயம் என்றிருந்த விதி 2018 ஜனவரியில் தளர்த்தப்பட்டுவிட்டது. ஆகவே இன்று எவரும் வழிகாட்டியாகலாம். நல்லவரும் இருக்கிறார்கள், வழி மட்டும் தெரிந்தவரும் இருக்கிறார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன், வழிகாட்டி அந்தத் தீவுகளிலோ அருகிலோ வசிப்பவரா, குழுவில் எத்தனை பேர், பின்னால் வேன் வருமா, ஒவ்வொரு விடுதியின் சமையற்காரரிடமும் உணவைப் பற்றி நேரடியாகப் பேசுவாரா, சூறாவளியால் படகு நின்றால் மாற்றுத் திட்டம் என்ன, பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.